வெளியிடத்தில் ஒரு கம்பி ஏரியல்

இற்றைக்கு ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், வானொலிப் பெட்டி இருந்த வீட்டைத் தெருவில் நின்றே அடையாளங் கண்டுவிடலாம். கூரை முகட்டில் நாட்டிய மூங்கிற் கழியொன்றிலிருந்து, வளவின் கோடியில் நின்ற தென்னைக்கோ பலாவுக்கோ ஒரு செப்புக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கம்பியின் இரு முனைகளிலும் முட்டை வடிவான வெள்ளைப் பீங்கான் துண்டுகள் தொங்கும். அதனை ஏரியல் என்று வழங்கினர். கொழும்பும் திருச்சியும் இலண்டனும் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஏரியலைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்ட திரான்சிஸ்டர் பெட்டி வந்த பின்னர், அக்கம்பிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு ஏரியல் என்னுஞ் சொல்லையே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயினும் அக்கம்பியைக் கைவிடாத ஒரு கூட்டத்தார் உலகெங்கும் உளர். அவர்களே அமெச்சூர் வானொலியாளர். ஹாம்கள் என்றும் அவர்களை அழைப்பர். பணம் பெறுவதற்காகவன்றி, அறிவின் மீதுள்ள ஆசையினாலே வானொலிக் கருவிகளை இயக்கி, தம்மைப்போன்ற பிறருடன் அலைவழியே உரையாடுவோர் இவர். இவர்களுக்கென அனைத்துலக உடன்பாட்டின்படி சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அரசாங்கத்தின் பரீட்சையிற் சித்தியெய்தி, அனுமதிப் பத்திரமும் அழைப்புக் குறியும் பெற்ற பின்னரே எவரும் ஒலிபரப்பலாம். இலங்கையில் அப்பத்திரத்தை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு; இந்நாட்டவரின் அழைப்புக் குறிகள் 4எஸ் என்று தொடங்கும். கேட்பது எளிது, பேசுவதற்குத் தகுதி வேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதி.

இவர்களுட் பலர் வீட்டிலுள்ள நிலையத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு சிறு கருவி, ஒரு பற்றரி, ஒரு சுருள் கம்பி ஆகிய மூன்றையும் தோட்பையில் இட்டுக்கொண்டு குன்றுக்கும் கடற்கரைக்கும் காட்டோரத்துக்கும் செல்கின்றனர். மரத்திற் கம்பியை ஏற்றி, அரைமணி நேரத்துக்குள் ஒரு நிலையத்தை அமைத்து, பேசி முடித்ததும் அதைக் கலைத்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். பார்ப்போருக்கு இது விளையாட்டாகத் தோன்றும். விளையாட்டுத்தான். ஆயினும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே செயலிழந்த நாட்களில் இந்த விளையாட்டைப் பழகியவர்களே ஊருக்கு வாயும் செவியுமாய் நின்றிருக்கின்றனர் என்பதற்கு வரலாற்றிற் சான்றுகள் உள.

கம்பியை வெளியிடத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் புதியதன்று. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், அத்திலாந்திக் கடலின் மேற்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்தில், சிக்னல் ஹில் என்னுங் குன்றின் மீது மார்க்கோணி நின்றபோது, அவரிடம் உயர்ந்த கோபுரம் எதுவும் இருக்கவில்லை. ஏறத்தாழ 150 மீற்றர் நீளமான கம்பியை ஒரு பட்டத்திற் கட்டி, பனிக்காலத்துப் புயற்காற்றில் அதனை மேலே ஏற்றினார். கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பப்பட்ட சமிக்கையைக் கேட்டதாக அவர் அறிவித்தது அந்தப் பட்டக் கம்பியின் துணைகொண்டே. தை மாதத்திற் கொடிப்பட்டம் ஏற்றும் வடபகுதிச் சிறுவர்கள் இச்செய்தியைக் கேட்டால் மகிழ்வர்.

இதனினும் மனங்கொள்ளத்தக்கது 1947ஆம் ஆண்டின் கொன்-ரிக்கிப் பயணம். நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டாலும் தோழர் ஐவரும் மரக்கட்டைகளைப் பிணைத்த ஒரு தெப்பத்தில் ஏறி, பெரு நாட்டுக் கரையிலிருந்து பசிபிக் சமுத்திரத்தினுள் இறங்கினர். தெப்பத்தில் ஓர் அமெச்சூர் வானொலி நிலையம் இருந்தது. அதன் அழைப்புக் குறி எல்.ஐ.2.பி. கனுட் ஹௌக்லாந்து, தோர்ஸ்டைன் றாபி என்னும் இருவர் அதனை இயக்கினர். இரண்டாம் உலகப்போரில், பகைவர் கைப்பற்றிய தம் நாட்டிலே மறைந்திருந்து வானொலிச் செய்தி அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். தெப்பத்துக் கருவியின் வெளியீடு ஏறத்தாழ ஆறு வற்று. ஒரு கைவிளக்கின் குமிழுக்கு வேண்டிய அளவே. இதனைக்கொண்டு அமெரிக்கக் கண்டத்து அமெச்சூர்களுடன் அவர்கள் இடையறாது தொடர்பு கொண்டிருந்தனர்; ஒருநாள் நோர்வேயின் ஒஸ்லோ நகரத்தோடும் பேசினர்.

நூற்றொரு நாட்கள் மிதந்த பின்னர், ஆகஸ்ட் 7ஆம் நாள், றாறொய்யா என்னும் பவளத் தீவின் பாறைத்தொடரில் தெப்பம் மோதவிருந்தது. மோதுமுன் அவர்கள் செய்த காரியங்களுள் ஒன்று, றாறோதொங்காத் தீவிலிருந்த ஓர் அமெச்சூருக்குத் தம் நிலையை அறிவித்ததாகும். முப்பத்தாறு மணி நேரத்துள் தம்மிடமிருந்து மறுசெய்தி வராவிடின், உதவிக்கு ஆளனுப்புமாறு உரியவர்களுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டனர். தெப்பம் பாறையில் மோதிச் சிதைந்தது. அறுவரும் உயிர் தப்பி அருகிலிருந்த ஆளில்லாச் சிறு தீவை அடைந்தனர். கருவியோ உப்புநீரில் நனைந்து ஊமையாய்க் கிடந்தது. அதன் உறுப்புக்களை வெயிலில் உலர்த்தினர், ஏரியற் கம்பியைத் தென்னைகளின் மேலே கட்டினர், அழைத்துப் பார்த்தனர், பதிலில்லை, மீண்டும் அழைத்தனர். கெடு முடிவதற்குச் சற்று முன்னரே அவர்களுடைய குரல் வெளியுலகை எட்டியது. எட்டியிராவிடின், உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பெரும் மீட்புப் பயணமொன்று வீணே புறப்பட்டிருக்கும்.

இத்துணைச் சிறிய சக்தி இத்துணைத் தூரம் செல்வது எவ்வாறு? விடையின் பெரும்பகுதி கம்பியிலேயே இருக்கிறது.

வீணையை அறிந்தவர்க்கு ஏரியலை விளக்குவது எளிது. வீணைத் தந்தியை மீட்டினால், அதன் இரு முனைகளும் அசையா; நடுப்பகுதியே மிகுதியாக அதிரும். தந்தியின் நீளத்தை விரலாற் குறைத்தால் சுருதி ஏறும்; கூட்டினால் இறங்கும். ஏரியற் கம்பியிலும் இவ்வாறே. அங்கே அதிர்வது கம்பியன்று. அதனுள் ஓடும் மின்னோட்டம். முனைகளில் மின்னோட்டம் இல்லை. நடுவில் அது மிகுதி. கம்பியின் நீளம் அலையின் நீளத்திற் சரிபாதியாக அமையும்போது, சுருதி சேர்ந்த தந்திபோல அது தன்னியல்பாகவே அதிர்கிறது. கொடுத்த சக்தியைப் பெரிதும் வீணாக்காமல் வெளியிலே பரப்புகிறது. இதுவே அரையலை ஏரியல். நடுவே வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் கருவியிலிருந்து வரும் வடத்தின் இரு கம்பிகளோடு இணைத்தால் அது இருகையேரியல் ஆகிறது. டைபோல் என்பது அதன் பிறநாட்டுப் பெயர்.

நீளத்தைக் கணிப்பதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. அலைவரிசையை மெகாஹேட்சிற் கூறும் எண்ணால் 143ஐ வகுத்தால், கம்பியின் முழு நீளம் மீற்றரிற் கிடைக்கும். 7.1 மெகாஹேட்சுக்கு ஏறத்தாழ 20.1 மீற்றர், ஒவ்வொரு கையும் பத்து மீற்றரிலும் சிறிது கூட. 14.2 மெகாஹேட்சுக்கு இதிற் பாதி. பிளாஸ்ரிக் உறையிட்ட கம்பியாயின் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை குறைய வேண்டியிருக்கும். நிலத்தின் ஈரம், அருகிலுள்ள மரம், தொங்கும் உயரம் ஆகியனவும் சுருதியைச் சற்றே மாற்றும். ஆகவே அனுபவமுள்ளோர் கணக்கிலும் ஒரு சாண் நீளமாகவே கம்பியை வெட்டுகின்றனர். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மானியை இணைத்து, சிறிது சிறிதாகக் குறைத்துச் சரி பார்க்கின்றனர். அதிலும் வெட்டுவதிலும் மடித்து முறுக்கிவிடுவது நன்று. வெட்டிய கம்பி வளராது.

கம்பிக்கெனப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. மெல்லிய பல இழைகளாலான செப்புக் கம்பி போதும். தனியிழைத் தடித்த கம்பி சுருட்டும்போது முறுகி, சில முறை பயன்படுத்திய பின் முறிந்துபோகும். முனைகளிற் கட்டும் காப்பிக்குப் பழைய பிளாஸ்ரிக் குழாயை விரலளவு அறுத்து இரு துளையிட்டாற் போதும். பெரிய சட்டைப் பொத்தானை வைத்துக் கட்டுவோரும் உளர். நடுவிலே வடம் இணையும் இடத்தையே கவனமாகச் செய்ய வேண்டும். வடத்தின் பாரம் முழுவதையும் ஈயப்பற்று தாங்கும்படி விட்டால், முதற் காற்றிலேயே அது அறும். பாரத்தைக் கயிறு தாங்க வேண்டும்; இணைப்புக்கு மின்னோட்டத்தைக் கடத்தும் வேலை மட்டுமே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பணங் கொடுத்துப் புதிய கருவி வாங்குவோர் சிலர், இந்த இணைப்பில் அரைமணி நேரத்தைச் செலவிட மனமின்றி, தமது கருவியே பழுதென்று குறைப்பட்டுக்கொள்வது இத்துறையில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு.

இனிக் கம்பியை மரத்தில் ஏற்றுவது. நூலிற் படித்து வருவதன்று இது. சிறுவர்கள் கெற்றப்போல் என்று வழங்கும் கவண், தங்கூசி நூல், ஒரு சிறிய ஈயக் குண்டு ஆகியன போதும். குண்டை நூலின் முனையிற் கட்டி, வேண்டிய கிளைக்கு மேலாக எய்து, மறுபுறம் விழுந்த குண்டை அவிழ்த்து, நூலின் முனையில் நைலோன் கயிற்றையும், கயிற்றின் முனையில் ஏரியலையும் கட்டி இழுக்க வேண்டும். நூலை ஒரு வாளியிலோ விரித்த துணியிலோ தளர்வாக இட்டிருத்தல் வேண்டும். புற்றரையில் விட்டால் ஒவ்வொரு புல்லும் அதைப் பற்றிக்கொள்ளும். குண்டு செல்லும் திசையில் ஆள் நிற்றலாகாது. எய்வதற்கு முன்னர் அதனை ஒருமுறை நோக்குதல் எத்துணை அவசரத்திலும் தவிர்க்கலாகாத கடமை.

மரங்களிலும் வேறுபாடு உண்டு. வேம்பும் புளியும் மருதும் கிளைபரப்பி நிற்பன. இவற்றில் நூல் எளிதாக அமரும். தென்னையோ வெளியிடத்து ஏரியலுக்கு உகந்த மரம் போலத் தோன்றி ஏமாற்றுவது. ஓலையின் மேல் விழுந்த நூல் வழுக்கிக் கீழிறங்கும். அன்றேல் மட்டைகளுக்கிடையே சிக்கி வரமறுக்கும். காற்றில் மரம் ஆடும்போது இறுகக் கட்டிய கம்பி அறுந்துபோகும். ஆகையால் ஒரு முனையைக் கட்டிவிடாமல், கயிற்றை ஒரு சிறு கப்பியின் வழியாகக் கீழிறக்கி, நீர் நிரப்பிய போத்தல் ஒன்றை அதில் தொங்கவிடுகின்றனர். மரம் அசைய அசையப் போத்தல் ஏறியிறங்கும், கம்பிக்குச் சேதமில்லை.

மரமே இல்லாத இடங்களும் உள. மலையுச்சியின் புற்றரைக்குச் செல்வோர், ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும் கண்ணாடியிழைத் தூண்டிற் கோலை எடுத்துச் செல்கின்றனர். சுருக்கினால் ஒரு மீற்றர். நீட்டினால் ஆறு முதல் பத்து மீற்றர். அதன் உச்சியில் ஏரியலின் நடுவை ஏற்றி, இரு கைகளையும் கூரையின் இரு சரிவுகள்போலக் கீழிறக்கி, முனைகளை முளைகளிற் கட்டிவிட்டால், அக்கைகளே கோலைத் தாங்கும் இழுகயிறுகளாகவும் பயன்படும். ஒரு கோல் போதும் என்பதால், வெளியிடத்தில் மிகுதியாக விரும்பப்படும் அமைப்பு இதுவே. இரு கைகளுக்கும் இடைப்பட்ட கோணம் தொண்ணூறு பாகைக்குக் குறையலாகாது. முனைகள் ஆளெட்டாத உயரத்தில் நிற்பது நன்று. மின்னோட்டம் முனையில் இல்லையாயினும் மின்னழுத்தம் அங்கேதான் மிகுதி. ஒலிபரப்பும் வேளையில் தொட்டவரைச் சுடும்.

வடத்தின் பாரத்தைக் கோலின் உச்சியில் ஏற்ற விரும்பாதவர்க்கு, கம்பியின் ஒரு முனையிலேயே சக்தியை ஊட்டும் முறை ஒன்றுண்டு. அரையலைக் கம்பியின் முனையில் எதிர்ப்பு மிக அதிகம். ஈராயிரம் ஓமுக்கும் மேலாகும். கருவியோ ஐம்பது ஓமையே எதிர்பார்க்கும். ஆதலின் 49க்கு 1 என்னும் விகிதத்தில் மாற்றும் சிறு மாற்றி ஒன்றை இடையில் வைக்கின்றனர். பெரைற்று வளையமொன்றில் சில சுற்றுக் கம்பி, அவ்வளவே. ஒரு கிளை, ஒரு கம்பி, கீழே கருவி என்று காரியம் சுருங்கிவிடுகிறது. கடற்கரைக்குச் செல்வோர் வேறொரு முறையைக் கையாளலாம்: கோலோடு சேர்த்து நிமிர்த்திய கால் அலைக் கம்பியும், அதன் அடியில் மணலிற் பரப்பிய சில கம்பிகளும். உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதாகையால், நீர்விளிம்பில் நிற்கும் நிமிர்ந்த கம்பி தொடுவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் அலைகளைச் செலுத்தும். கடல்கடந்த நாடுகளோடு பேசுவதற்கு அதுவே வேண்டப்படுவது.

உயரத்தைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. உயர உயரச் சிறப்பு என்பர். தூர தேசத்தோடு பேசுவோர்க்கு அது பொருந்தும். அயலூரோடு பேச வேண்டியவர்க்குப் பொருந்தாது. சிற்றலை தொலைவு செல்வது, பூமிக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயன மண்டலத்திற் பட்டுத் திரும்புவதனால் என்பதை நேயர்கள் அறிந்திருப்பர். உயர்ந்த ஏரியலிலிருந்து சாய்வாகப் புறப்படும் அலை, அம்மண்டலத்தைத் தொட்டு ஆயிரங் கிலோமீற்றருக்கு அப்பாலே வந்திறங்கும். இடையிலுள்ள ஊர்கள் அதனைக் கேளா. யாழ்ப்பாணத்தவன் பேசுவது அவுஸ்திரேலியாவிற் கேட்கும், அனுராதபுரத்திற் கேளாது!

ஏரியலை வேண்டுமென்றே தாழக் கட்டுவதே இதற்குப் பரிகாரம். 7 மெகாஹேட்சில் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீற்றர். அரையலைக் கம்பியை ஐந்து முதல் பத்து மீற்றர் உயரத்திற் படுக்கையாகக் கட்டினால், அலைகளிற் பெரும்பகுதி நேர் மேலே எழும். அயன மண்டலம் அவற்றை ஏறக்குறைய நேர் கீழே திருப்பியனுப்பும். பூவாளியிலிருந்து சொரியும் நீர்போல அவை சுற்றுப்புறம் முழுவதையும் நனைக்கும். மலைகள் குறுக்கிட்டாலும் கவலையில்லை. அலை மலையைக் கடந்து மேலிருந்து இறங்குகிறது. நானூறு ஐந்நூறு கிலோமீற்றர் வட்டம் இவ்வாறு அடங்கும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர் என்பதைக் கருதினால், தாழக் கட்டிய ஒரு கம்பி இந்நாட்டுக்கு யாது பயன் தரும் என்பது விளங்கும். இரவில் அயன மண்டலம் மெலியும் வேளைகளில் 7 மெகாஹேட்ஸ் அலை திரும்பாமல் மேலே ஊடுருவிப் போய்விடுதல் கூடும், அப்போது 3.5 மெகாஹேட்சுப் பகுதிக்கு இறங்குவர். கம்பி இருமடங்கு நீளவேண்டும், வேறு மாற்றமில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிகழ்ந்ததை இந்நாட்டில் எவரும் மறந்திலர். கடல் பொங்கி, வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் கரையோர ஊர்களை அழித்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொலைபேசி இணைப்புக்கள் பல இடங்களில் அறுந்தன. அறாதிருந்த இணைப்புக்களும் நெரிசலாற் பயனற்றுப்போயின. வாரச் சந்தைக்கு மக்கள் கூடியிருந்த வேளையில் கடல் புகுந்த அம்பாந்தோட்டையின் நிலை கொழும்புக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்நாட்களில் இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள் சிற்றலைக் கருவிகளோடு தெற்கே சென்றனர். அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 165 கிலோமீற்றர். சாதாரணக் கையடக்க வானொலிக் கருவி எட்டாத தூரம். வெளிநாட்டுத் தொடர்பில் பெயர்பெற்ற சிற்றலை, அன்று தன் சொந்த நாட்டின் ஒரு கோடியை மறுகோடியோடு சேர்த்து வைத்தது. தேவைப்பட்ட பொருட்களும் இடர்ப்பட்டோர் நிலையும் கொழும்பில் அமைந்த மத்திய நிலையத்துக்கு அவ்வழியே சொல்லப்பட்டன.

அதே வேளையில் அந்தமான் தீவிலும் இதற்கொப்பானதொன்று நிகழ்ந்தது. இந்திய அமெச்சூரான பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும், நெடுங்காலமாக அமெச்சூர் ஒலி எழாதிருந்த அத்தீவுகளிலிருந்து உலகத்தாரோடு பேசி மகிழும் பொருட்டு, அந்த டிசம்பர் மாதத்திற் போட் பிளேயர் நகருக்கு வந்து ஏரியல்களை அமைத்திருந்தனர். நிலம் நடுங்கிக் கடல் எழுந்ததும், விளையாட்டுக்கென அமைத்த நிலையம் ஒரு நொடியில் அவசர நிலையமாயிற்று. தீவிலிருந்தோரின் நலனைப் பெருநிலத்திலிருந்த உறவினர்க்குத் தெரிவிக்கும் பணியை அம்மையார் மேற்கொண்டார். ஏரியல் அங்கே ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தமை தற்செயல். அதனை எவ்வாறு பயன்படுத்துவதென அறிந்தவர் அங்கிருந்தமை தற்செயலன்று. அவ்வறிவு பல்லாண்டுப் பழக்கத்தால் வந்தது.

இத்தகைய பழக்கத்துக்காகவே அமெரிக்க அமெச்சூர்களின் சங்கமான அமெரிக்கன் றேடியோ றிலே லீக், 1933ஆம் ஆண்டில் வெளிக்கள நாள் ஒன்றைத் தொடக்கி வைத்தது. ஜூன் மாதத்தின் நான்காம் வார இறுதியில், ஒவ்வோர் ஆண்டும் அந்நாட்டு அமெச்சூர்கள் வயல்வெளிக்கும் பூங்காவுக்கும் சென்று, மின்சார சபையின் உதவியின்றி ஒரு நாள் முழுவதும் நிலையம் நடத்துகின்றனர். எத்தனை பேரோடு பேசினோம் என்று புள்ளி எண்ணுவதும் உண்டு. போட்டியென்று ஒன்றிருந்தாற்றான் மனிதர் வெயிலிலும் மழையிலும் கம்பி கட்ட வருவர் என்பதை அச்சங்கத்தார் நன்குணர்ந்திருந்தனர் போலும். பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய மலையுச்சித் திட்டம் இன்னொரு வகை. ஒவ்வொரு மலைக்கும் அதன் உயரத்துக்கேற்பப் புள்ளி குறித்து, உச்சிக்குத் தன் காலால் ஏறி, தான் சுமந்து வந்த கருவியால் பேசியவர்க்கே அப்புள்ளியை வழங்குகின்றனர். இத்திட்டம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. ஒவ்வொரு இறாத்தலும் முதுகிற் சுமக்க வேண்டியதாகையால், வீட்டிலே நூறு வற்றுக் கருவி வைத்திருப்பவரும் மலையில் ஐந்து வற்றோடு திருப்தியடைகின்றார். கம்பியைச் செம்மையாகக் கட்ட அப்போதுதான் கற்றுக்கொள்கின்றார்.

சாரணப் பிள்ளைகளுக்கும் இத்துறையிற் பங்குண்டு. 1958ஆம் ஆண்டு தொட்டு உலகச் சாரணர் வான்வழி ஜம்போறி நடைபெற்று வருகிறது. இப்போது ஒக்டோபர் மாதத்தில் நிகழும் அதில், அனுமதி பெற்ற அமெச்சூர்களின் மேற்பார்வையிற் பிள்ளைகள் பிறநாட்டுச் சாரணரோடு உரையாடுகின்றனர். பாடசாலை மைதானத்தில் ஏரியல் ஏற்றுவதைக் கண்ட பிள்ளைக்கு, பௌதிகப் பாடநூலில் அலைநீளம் என்று வரும் சொல் அதன்பின் வெறுஞ் சொல்லாக இராது. கட்டைக் கம்பிக்கும் நெட்டைக் கம்பிக்கும் உள்ள வேறுபாட்டை அது தன் கையால் அளந்திருக்கும்.

ஒலிபரப்ப அனுமதியில்லாத நேயர்களும் இதனாற் பயனடையலாம். சிற்றலை வாங்கும் வானொலிப் பெட்டி இன்னும் வீட்டில் இருப்பின், பத்து மீற்றர் மெல்லிய கம்பியைச் சன்னல் வழியாக வெளியே இழுத்து ஒரு மரத்திற் கட்டி, மறுமுனையைப் பெட்டியின் ஏரியற் கோலோடு சேர்த்துப் பார்க்கலாம். கேட்பதற்கு நீளம் துல்லியமாக வேண்டியதில்லை. இன்று வீடுகளில் நிறைந்துள்ள மின்விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலினின்று விலகிய கம்பி, பெட்டியின் கோலுக்கு எட்டாத நிலையங்களைக் கொண்டுவரும். வெளியிடத்தில் இயங்கும் அமெச்சூர்கள் கண்டு மகிழும் பேறும் இதுவே: மின்கம்பி இல்லாத குன்றிற் கருவியை இயக்கினால், ஊரிலே கேளாத மெல்லிய குரல்களும் தெளிவாய்க் கேட்கின்றன.

ஆபத்துக்கள் இரண்டைக் கூறாமல் விடலாகாது. முதலாவது மின்சாரக் கம்பி. தெருவோரக் கம்பிகளுக்கு அருகில் நூலெறிவதும் கோல் நிமிர்த்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். ஏரியல் அறுந்து எப்பக்கம் விழுந்தாலும், கோல் எத்திசையிற் சரிந்தாலும், மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இல்லையேல் அவ்விடத்தை விட்டு வேறிடம் தேடுவதே அறிவு. பட்டத்திற் கம்பி கட்டுவோர்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். இரண்டாவது இடிமின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் வேளையில் இந்நாட்டின் வானம் எவ்வளவு விரைவாகக் கறுக்கும் என்பதை யாவரும் அறிவர். தொலைவில் முழக்கம் கேட்டவுடனேயே உரையாடலை முடித்து, வடத்தைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, வெட்டவெளியையும் தனிமரத்தையும் விட்டகல வேண்டும். கம்பியை எடுக்கவென்று நிற்றலாகாது. கம்பி போனால் மறுநாள் வாங்கலாம்.

பொதுவிடங்களில் வழிப்போக்கர் காலில் இழுகயிறு தட்டாதவாறு வண்ணத் துணித்துண்டுகளை அதிற் கட்டிவைப்பது வழக்கம். காட்டிலாகாவுக்கோ கோயிலுக்கோ தனியாருக்கோ உரிய நிலமாயின் உத்தரவு பெற்ற பின்னரே கயிறெறிய வேண்டும். ஆணி அடிப்பதோ கிளையை முறிப்பதோ கூடாது. மெல்லிய கம்பியை நேரே பட்டையின் மேலிட்டு இழுத்தால் அது மரத்தை அறுக்கும் என்பதால், கிளையிற் படுவது கயிறாகவே இருக்க வேண்டும்.

கழற்றும்போதும் அவசரம் ஆகாது. கிளையின் மேலுள்ள கயிற்றை, அதன் முடிச்சில்லாத முனை கிளையைக் கடந்து வருமாறே இழுக்க வேண்டும். முடிச்சுள்ள பக்கம் கவையிற் சிக்கினால் ஏரியல் மரத்துக்கே சொந்தமாகிவிடும். இறக்கிய கம்பியை வளையம் வளையமாகச் சுற்றினால் அடுத்த முறை அது நூறு சிக்கலாய் விரியும். பெருவிரலுக்கும் சிறுவிரலுக்கும் இடையே எட்டு என்னும் எண்ணின் வடிவில் மாறிமாறிச் சுற்றி, அன்றேல் ஒரு மரத்தட்டில் அவ்வாறே சுற்றி, முனையை ஒரு றப்பர் வளையத்தால் கட்டி வைப்பர். அடுத்த முறை இருட்டிலே, மழையிலே, கைகள் நடுங்கும் வேளையிலே அதை விரிக்க நேரினும், அது சிக்கலின்றி நீளும்.